லயத்துச் சுகாதாரமும் தோட்டக் கணக்கும்

சரித்திரம் எழுதப் புகுவோர் அரண்மனையிலிருந்து தொடங்குவது வழக்கம். சிலர் போர்க்களத்திலிருந்து தொடங்குவர். சிலர் கோபுரத்திலிருந்து தொடங்குவர். கக்கூசிலிருந்து தொடங்கியவரை நாம் கண்டதில்லை. ஆயினும், மலாய் நாட்டுத் தமிழரின் சரித்திரத்தை உள்ளபடி எழுத வேண்டுமானால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். எத்தனை பேர் கப்பலேறி வந்தார்கள் என்பதைத் துறைமுகக் கணக்குச் சொல்லும். எத்தனை ராத்தல் ரப்பர் வெளியே போயிற்று என்பதைச் சுங்கக் கணக்குச் சொல்லும். வந்தவர்களில் எத்தனை பேர் மண்ணுக்குள் போனார்கள், ஏன் போனார்கள் என்பதை லயத்தின் பின்புறந்தான் சொல்லும்.

நாம் சிரம்பானை அடுத்த ஒரு தோட்டத்தில் கிராணி உத்தியோகம் பார்க்கிறோம். கணக்கெழுதுவது நமது பிழைப்பு. ஆங்கிலத்தில் படித்தோம். 1876-ம் வருஷத்தில் பிரேசில் தேசத்து ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், அடுத்த வருஷம் கன்றுகளாகச் சிங்கப்பூருக்கு வந்த வரலாற்றை மனப்பாடஞ் செய்து ஒப்பித்தோம். அந்த மரத்தின் கீழ் நின்று பால் வெட்டியவன் எந்தத் தண்ணீரைக் குடித்தான், அவன் மனைவி எந்த இருட்டுக்காகக் காத்திருந்து வெளியே போனாள் என்று எந்தப் பரீட்சையிலும் எவரும் நம்மைக் கேட்கவில்லை. ஆகவே நாமும் நம்மைக் கேட்டுக்கொள்ளவில்லை.

“கூலிகளுக்குச் சுத்தம் தெரியாது; கட்டிக் கொடுத்தாலும் உபயோகிக்க மாட்டார்கள்.” இவ்வாக்கியத்தை அறியாத தோட்டத்தார் இரார். துரைமார் சொன்னார்கள், ஆஸ்பத்திரி டிரஸ்ஸர்கள் சொன்னார்கள், படித்த தமிழரும் வெள்ளைச் சட்டை போட்ட நாள் முதல் சொல்லி வருகிறார்கள். நாமும் சொல்லியிருக்கிறோம். ஒரு வாக்கியத்தை நூறு வருஷம் நூறு வாய் சொன்னாலும் அது உண்மையாகிவிடாது. அதைக் கணக்கில் வைத்துச் சரிபார்ப்போம்.

முதலாவது, பூமியைப் பார்ப்போம். சிரம்பானைச் சுற்றியுள்ளது மேடும் பள்ளமுமான நிலம். ஒவ்வொரு குன்றின் இடுக்கிலும் ஒரு சிற்றோடை பிறந்து, பல ஓடைகள் கூடி லிங்கி ஆறாகிக் கடலுக்குப் போகின்றன. அக்காலத்தில் சுங்கை ஊஜோங் என்று வழங்கிய இப்பகுதியில் முதலில் ஈயம் தோண்டினார்கள். பிறகு காப்பி பயிரிட்டார்கள். 1891-ல் சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு ரயில் ஓடிற்று. 1900-க்குப் பிறகு ரப்பர் வந்தது. குன்றுகளின் மேலிருந்த பெருங்காடு வெட்டிச் சாய்க்கப்பட்டு, தீ வைத்துக் கொளுத்தப்பட்டது. நிழலில் ஓடிய ஓடைகளின் மேல் வெயில் விழுந்தது.

அவ்வெயிலோடு காய்ச்சலும் வந்தது. கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதை 1897-ல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்தார். அடுத்த நான்கு வருஷத்திற்குள், 1901-ல், டாக்டர் மால்கம் வாட்சன் என்பவர் கிள்ளானிலும் அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர் பெற்றிருந்த கிள்ளான் துறைமுகத்திலும் சதுப்பை வடித்துக் காய்ச்சலை அடக்கிக் காட்டினார். ஆனால் கடலோரத்தில் பலித்த வைத்தியம் குன்றுகளில் பலிக்கவில்லை. கடலோரக் கொசு நிழலையும் தேங்கிய நீரையும் நாடியது. காட்டை வெட்டினால் அது போயிற்று. மலைப்பக்கத்துக் கொசுவோ, மாக்குலேட்டஸ் என்னும் இனம், வெயில் படும் தெளிந்த ஓடை நீரையே நாடியது. காட்டை வெட்டினால் அது பெருகிற்று. காட்டை வெட்டியதே குன்றுப் பக்கத்துக் காய்ச்சலுக்கு வழி திறந்தது என்பதை வாட்சன் கண்டறிந்து, 1911-ல் நூலாகவே வெளியிட்டார்.

இதை நேயர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். காட்டை வெட்டச் சொன்னவன் லண்டனில் இருந்த பங்குதாரன். வெட்டியவன் தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்தவன். ஓடைக்கருகே லயம் கட்ட இடம் குறித்தவன் துரை. தண்ணீர் எடுக்க வசதி என்பதே அதற்குக் காரணம். அதே ஓடையில் குடிநீர். அதே ஓடையில் குளியல். மழை பெய்தால் லயத்துப் பின்புறத்து மலமெல்லாம் அதே ஓடையில். இந்த ஏற்பாட்டில் கூலியின் ‘பழக்கம்’ எங்கே வருகிறது? இடத்தை அவன் தேர்ந்தெடுக்கவில்லை. கிணற்றை அவன் தோண்டவில்லை. குழி எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்று அவனை ஒருவரும் கேட்கவில்லை.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 1910-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் லண்டன் சந்தையில் ரப்பர் விலை ராத்தல் பன்னிரண்டு ஷில்லிங்கையும் தாண்டிற்று. அதற்குமுன் அப்படியொரு விலை இருந்ததில்லை. அதற்கடுத்த 1911-ம் வருஷத்தில், பெரக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய கூட்டு மலாய் நாடுகளின் தோட்டங்களில் ஆயிரம் தொழிலாளருக்கு அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். இவர்கள் கிழவர்களல்லர், தொட்டில் குழந்தைகளுமல்லர். வேலைக்குத் தகுதியென்று பொறுக்கியெடுத்துக் கப்பலேற்றப்பட்ட, பெரும்பாலும் வாலிப வயதினர். பதினாறு பேர் பெரட்டில் நின்றால், வருஷ முடிவில் ஒருவர் இல்லை. ஒரு கணக்குப் புத்தகத்தில் அது பொற்காலம்; மற்றொரு புத்தகத்தில் அது மயானம். இரண்டு புத்தகங்களும் ஒரே ஆபீஸில், ஒரே மேஜையில், பெரும்பாலும் ஒரே கிராணியின் கையால் எழுதப்பட்டவை.

அந்த இரண்டாம் புத்தகமும் முழுமையானதன்று. வேலைக்கு உதவாதவனாய் நோயாளியான பலரைத் திருப்பிக் கப்பலேற்றினார்கள். அவன் நடுக்கடலில் இறந்தாலும், நாகப்பட்டினத்தில் இறங்கி ஊர் போய் இறந்தாலும், தோட்டத்துக் கணக்கில் அவன் ‘பேர் நீக்கப்பட்டவன்’, மாண்டவனல்லன்.

மலேரியாவாவது ஊரறிந்த சத்துரு. மற்றொன்று ஒருவரும் காணாதபடி தின்றது, அதுதான் கொக்கிப்புழு. அதன் முட்டை மலத்தோடு வெளியேறும். ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் சில நாட்களில் பொரிக்கும். நுண்ணிய குஞ்சுப் புழு, வெறுங்காலோடு மிதிப்பவனின் தோலைத் துளைத்து உட்புகும்; காலில் அரிப்புக் காணும்; பிறகு குடலில் தங்கி நாள்தோறும் இரத்தத்தைக் குடிக்கும். பால்மரக் காட்டைவிட அதற்கு உகந்த இடம் வேறு உண்டோ? விடியுமுன் பெரட்டு, பிறகு நேரே காட்டுக்குப் போக வேண்டும், அங்கே மறைப்பும் கிடையாது, குழியும் கிடையாது. வேலை நேரத்தில் லயத்துக்குத் திரும்பினால் வெட்டு நிற்கும். வெட்டு நின்றால் சம்பளம் நிற்கும். எந்த மரத்தடி கக்கூசாயிற்றோ அதே மரத்தடியை மறுநாள் அவன் வெறுங்காலால் மிதித்தான்.

இரத்தம் வற்றினால் சோகை பிடிக்கும். சோகை பிடித்தவன் ஏற முடியாமல் குன்றில் உட்காருவான். உட்கார்ந்தவனைக் கங்காணி சோம்பேறி என்றான். தண்டல் சோம்பேறி என்றான். கிராணி அரைப்பேர் போட்டான். புழுவின் வேலைக்கு மனிதனுக்கு அபராதம்! நோயை ஒழுக்கக் குறைவாக எழுதிவிட்டால் மருந்துச் செலவு மிச்சம் என்பது அக்காலத்துச் சூத்திரம்.

அமெரிக்காவின் ராக்பெல்லர் ஸ்தாபனம் டாக்டர் சாமுவேல் டார்லிங் தலைமையில் அனுப்பிய குழு 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, பிஜித் தீவு ஆகிய இடங்களில் இந்நோயை ஆராய்ந்தது. மலேரியாவும் கொக்கிப்புழுவும் ஒருவனிடமே சேர்ந்து அவன் இரத்தத்தைக் குறைப்பதை அக்குழு எடுத்துக் காட்டிற்று. இலங்கையில் அதே ஸ்தாபனம் 1916-ல் மாத்தளைத் தோட்டங்களில் வேலை தொடங்கி, நம்மவர்க்கு மருந்து கொடுத்துப் புழுவை வெளியேற்றியது. ஆனால் நடந்ததென்ன? மருந்து சுருக்கில் கிடைத்தது. கக்கூஸ் கட்டும் வேலை பின்தங்கிற்று. புழு நீங்கியவன் அதே மண்ணை மிதித்து மறுபடியும் புழுவைச் சம்பாதித்தான். மருந்து கூலியின் வாய்க்குப் போவது. அதற்கு வெளியார் காசு இருந்தது. கக்கூஸ் தோட்டத்தின் மண்ணில் நிற்பது. அதற்கு முதலாளியின் காசு வேண்டும். எது விரைந்தது, எது தங்கிற்று என்பதிலேயே முழு வரலாறும் அடங்கியிருக்கிறது.

சர்க்கார் சும்மா இருந்தது என்று நாம் சொல்லவில்லை. தோட்டங்கள் ஆஸ்பத்திரி வைக்கச் சட்டம் வந்தது. ஓடைகளைக் குழாய்க்குள் அடக்கவும், எண்ணெய் தெளித்துக் கொசுவைக் கொல்லவும் வழிகள் கண்டார்கள். மரண எண்ணிக்கையும் பெரிதும் இறங்கிற்று. கவனியுங்கள்: கூலி அதே கூலிதான்; அவன் ஊரும் ஜாதியும் பழக்கமும் மாறவில்லை. ஓடையும் குழியும் கிணறும் மாறின, சாவு குறைந்தது. ‘சுத்தம் தெரியாதவன்’ என்ற வாதத்துக்கு இதைவிட வேறு மறுப்பு வேண்டுமா?

ஆனால் எல்லாத் தோட்டங்களிலும் மாறவில்லை. செல்வமுள்ள கம்பெனி செலவிட்டது. மற்றது நாளை என்றது. 1924-ல் கூட்டு மலாய் நாடுகளின் தோட்டச் சுகாதாரத்தை விசாரித்த கமிஷன் இந்த ஏற்றத்தாழ்வைக் கண்டது. தோட்டங்கள் யாவும் வரி செலுத்தி, பொதுவில் சுகாதார போர்டு அமைத்து, வைத்தியரையும் சுகாதார வேலையையும் பங்கிட்டுக்கொள்ளும் யோசனை பிறந்தது. நல்ல யோசனை, சிறிது காலம் நடைமுறைக்கும் வந்தது. தோட்டக்காரர்களோ வரி அதிகமென்றார்கள்; தங்கள் தோட்டத்தில் சர்க்காருக்கென்ன வேலை என்றார்கள். ரப்பர் விலை வீழ்ந்த பஞ்ச காலம் வந்ததும், 1930-க்குப் பிந்திய சில வருஷங்களில் அந்த போர்டுகள் மறைந்தன. பதினாயிரக்கணக்கான தமிழர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டதும் அப்பொழுதுதான். விலை ஏறியபோது லாபம் பங்குதாரனுக்கு. விலை இறங்கியபோது நஷ்டம் கக்கூசுக்கு!

நிற்க. பிறரைக் குறை கூறிய வாயால் நம்மையும் கூறிக்கொள்ளாவிடில் அது நியாயமாகாது.

கடல் கடந்து வந்தபோது ஜாதியையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தோம். சில தோட்டங்களில் ஜாதிக்காரருக்கு ஒரு லயம், ஆதி திராவிடருக்கு ஒரு லயம் என்று பிரித்து வைத்தார்கள். துரை பிரித்தான் என்பது பாதி உண்மை. பிரிக்க வேண்டுமென்று நம்மில் சிலர் கேட்டார்கள் என்பது மறுபாதி. கக்கூசைக் கழுவுகிறவன் ‘தோட்டி’ எனப்பட்டு, கடைசி வீட்டில், சாக்கடை ஓரத்தில் குடிவைக்கப்பட்டான். சிரம்பான் முதலிய பட்டணங்களில் சானிட்டரி போர்டு வாளிகளைச் சுமந்து ஊரைச் சுத்தமாக வைத்த கைகளில் பெரும்பாலானவை தமிழர் கைகளும் தெலுங்கர் கைகளுமே. ஊர் மணக்க உழைத்தவனை ஊரார் தீண்டவில்லை. அழுக்கை உண்டாக்கியவன் சுத்தமானவன், அழுக்கை அகற்றியவன் அசுத்தமானவன் என்னும் இவ்விபரீத நியாயம் எந்தச் சாஸ்திரத்தில் இருந்தாலும் அந்தச் சாஸ்திரம் குப்பைக்கே உரியது. தோட்டந்தோறும் கோயில் எழும்பிற்று, கள்ளுக்கடையும் எழும்பிற்று. திருவிழாவுக்குச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சம்மதித்த நாம், ஒரு குழி அதிகம் வெட்டும்படி ஒன்றுகூடிக் கேட்டோமா?

கிராணிமாராகிய நாம் செய்ததென்ன? 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொடங்கி இந்த நெகிரி செம்பிலானுக்கும் பரவிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளை நேயர்கள் படித்துப் பார்க்க வேண்டும். சம்பள உயர்வோடு, தக்க வைத்திய வசதி வேண்டும் என்றார்கள். கள்ளுக்கடையை மூடு என்றார்கள். துரையையோ ஆசிய உத்தியோகஸ்தரையோ கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். அந்த ‘ஆசிய உத்தியோகஸ்தர்’ யார்? நம்மைப் போன்ற கிராணிகள்தாம். தமிழன் தமிழனைக் கண்டு சைக்கிளைவிட்டு இறங்க வேண்டியிருந்தது! அவ்வேலைநிறுத்தம் துப்பாக்கியால் அடக்கப்பட்டது; உயிர்களும் போயின.

அவ்வருஷ முடிவிலேயே ஜப்பானியர் வந்தனர். சயாம் பர்மா ரயில் பாதைக்கு இந்நாட்டுத் தோட்டங்களிலிருந்து தமிழரைப் பெருவாரியாகக் கொண்டுபோனார்கள். அங்கே அடைபட்ட வெள்ளைக்கார யுத்தக் கைதிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மாண்டார். அதே மழை, அதே காடு, அதே காவலர். ஆனால் நம்மவர் மாண்டது அதிலும் மிக அதிக விகிதத்தில். 1943-ல் வாந்திபேதி பரவியபோது கைதிகளுக்குத் தங்கள் டாக்டர்கள் இருந்தார்கள்; கட்டுப்பாடு இருந்தது; தண்ணீரைக் கொதிக்க வைக்கவும் தூரத்தில் குழி வெட்டவும் உத்தரவிட ஆட்கள் இருந்தார்கள். நம்மவருக்கு யாருமில்லை. குழிக்கும் குடிநீருக்கும் இடையே உள்ள தூரந்தான் உயிருக்கும் சாவுக்கும் இடையே உள்ள தூரம் என்பதை அதைவிடக் கொடூரமாக எவரும் நிரூபிக்க இயலாது.

யுத்தத்திற்குப் பின் தொழிலாளர் விழித்தனர். இதே நெகிரி செம்பிலானில் இந்தியத் தொழிலாளர் சங்கம் எழுந்தது. அதில் உழைத்த பி. பி. நாராயணன், 1954-ல் பல சங்கங்கள் ஒன்றாகித் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கமானபோது அதற்குத் தலைமை தாங்கி நடத்தினார். சுதந்திரம் வந்து ஒன்பது வருஷங்களுக்குப் பின், 1966-ல், தொழிலாளர் வீட்டு வசதிக்குக் குறைந்தபட்ச அளவு குறிக்கும் சட்டம் பிறந்தது. 1990-ல் அதற்குப் பதிலாகப் புதுச்சட்டம் வந்தது. கேட்டுப் பெற்றவையே இவை. ஒருவரும் தட்டில் வைத்து நீட்டவில்லை. 2010-ல் ஐக்கிய நாட்டுச் சபையும், நல்ல தண்ணீரும் கக்கூஸும் மனித உரிமை என்று ஒப்புக்கொண்டது. நமது பாட்டனார் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு கேட்டதை உலகம் ஒப்புக்கொள்ள ஒரு நூற்றாண்டு பிடித்தது.

இன்றைய நிலை என்ன? ரப்பர் போய்ப் பெரும்பாலும் எண்ணெய்ப் பனை நிற்கிறது. தமிழ்க் குடும்பங்கள் பல பட்டணத்துக்குப் போய்விட்டன. அவற்றுட் சில, தோட்டத்தைவிடக் கேடான புறம்போக்குக் குடிசைகளில் வெகுகாலம் தவித்தன. லயங்களில் இப்பொழுது இந்தோனேசியரும் வங்காள தேசத்தாரும் நேபாளத்தாரும் குடியிருக்கிறார்கள். 2020-ல் கொரோனா நோய் பரவியபோது, நெருங்கிய விடுதிகளில் அடைத்து வைக்கப்பட்ட அன்னிய நாட்டுத் தொழிலாளரிடையே அது தீயெனப் பரவிற்று. திருத்திய சட்டம் அவ்வருஷம் ஜூன் மாதத்தில் அமலுக்கு வந்து, தோட்டத்துக்கு வெளியே உள்ள தொழில்களுக்கும் வீட்டு வசதி விதிகளை விரித்தது. நோய் வந்த பின்னரே கதவைத் திறக்கும் வழக்கம் 1911-லிருந்து மாறவில்லை போலும்!

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இக்கட்டுரையை நாம் எழுத நேர்ந்த காரணமும் அதுவே. சென்ற மாதம் நமது ஆபீஸில் வருஷச் செலவு மதிப்பீடு எழுதிக்கொண்டிருந்தோம். ‘கீழ் லயம், கக்கூஸ் பழுது பார்த்தல்’ என்று ஓர் இனம். அதற்கு எதிரே ‘அடுத்த வருஷம்’ என்று எழுதினோம். பழைய புத்தகத்தைப் புரட்டினோம். சென்ற வருஷமும் ‘அடுத்த வருஷம்’. அதற்கு முந்தின வருஷமும் அதுவே. மூன்று இடத்திலும் கையெழுத்து நம்முடையது. எவரும் நம்மை அப்படி எழுதச் சொல்லவில்லை. மேலே போனால் வெட்டிவிடுவார்கள் என்று நாமாகவே வெட்டிவிட்டோம்.

அன்று மாலை கீழ் லயத்துக்குப் போனோம். ஒரு கதவு இல்லை. கதவிருந்த இடத்தில் உரச்சாக்கு தொங்கிற்று. மழை நீர் பின்புறத்திலிருந்து தண்ணீர்க் குழாயை நோக்கியே ஓடிற்று. ஒரு வங்காள தேசத்து இளைஞன் நம்மைக் கண்டதும் மோட்டார் சைக்கிளைவிட்டு இறங்கி ஒதுங்கி நின்றான். அவனை ஒருவரும் இறங்கச் சொல்லவில்லை. 1941-ல் நம் பாட்டனார் எதற்காக வேலைநிறுத்தம் செய்தாரோ, அது நம் முன்னே மறுபடியும் நின்றது. இம்முறை இறங்கியவன் தமிழனல்லன். இறங்க வைத்த சட்டைதான் தமிழனுடையது.

நாம் திரும்பி வந்து அந்த இனத்தை மறுபடியும் எழுதினோம். கதவு இத்தனை, குழாய் இத்தனை, சாக்கடையை மறுபக்கம் திருப்ப இத்தனை அடி என்று அளந்து, ‘இவ்வருஷம்’ என்று எழுதி மேலே அனுப்பினோம். இதுவரை பதில் வரவில்லை. வராவிட்டால் மறுபடியும் எழுதுவோம். பெரிய வீரமொன்றுமில்லை, கிராணிக்கு ஆயுதம் கணக்குப் புத்தகந்தான்.

தோட்டத்தில் வாழும் நேயர்களும் பட்டணத்து நேயர்களும் ஒன்றைச் சிந்திப்பார்களாக. சுத்தம் என்பது குணமன்று. அது தண்ணீர், குழி, கதவு, தூரம் ஆகியவற்றின் பெயர். அவை இருக்கும் இடத்தில் எவனும் சுத்தமானவன். அவை இல்லாத இடத்தில் எவனையும் அசுத்தமானவன் என்று சொல்ல எவருக்கும் யோக்கியதை இல்லை. நம்மைப் பற்றி நூறு வருஷம் சொல்லப்பட்ட அந்தப் பொய்யை, இன்று நம் லயங்களில் குடியிருக்கும் அன்னியனைப் பற்றி நம் வாய் சொல்லாதிருக்குமாக. பாட்டனுக்கு நாம் செய்ய வேண்டிய திதி அதுவே.